தொட்டியா, கழியா, புளித்த தவிடா? நுண்ணுயிர்த் தீனியில் மீன் வளர்க்க மூன்று வழிகள்

"அண்ணே, பத்து சென்ட் இடம் இருக்கு. சிங்கப்பூர்ல இருந்து வந்து ஏழு லட்சம் கையில வெச்சிருக்கேன். பயோஃப்ளாக் போடலாமா?"

மாதத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். இன்னொரு வகையினர் ஏற்கெனவே குளம் வைத்திருப்பவர்கள். தீவன மூட்டைக்குக் கொடுத்தே கை ஓய்ந்துபோய், பக்கத்துப் பண்ணையில் தவிட்டைப் புளிக்கவைத்து ஊற்றுகிறார்களாமே என்று விசாரிப்பார்கள். குளம் முழுக்க மூங்கிலை நட்டு வைத்திருக்கும் வங்கதேச வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுபவர்களும் உண்டு.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மீன் தின்னும் தீவனத்தில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்குதான் அதன் உடம்பில் சதையாகத் தங்கும். மிச்சமெல்லாம் அம்மோனியாவாகவும் எச்சமாகவும் தண்ணீருக்குப் போகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதம் அது. பாக்டீரியா, பாசி, ஒருசெல் உயிரி எல்லாம் கலந்த ஒரு கூட்டத்தைக் கொண்டு அந்தக் கழிவை மறுபடி தீனியாக்கி மீனுக்கே கொடுப்பதுதான் வித்தை. அந்தக் கூட்டத்தைத் திட்டுத் திட்டாகத் தண்ணீரில் மிதக்கவிட்டால் பயோஃப்ளாக், அந்தத் திட்டுகளைச் சுருக்கமாக ஃப்ளாக் என்போம். கழியிலும் கிளையிலும் ஒட்டவைத்தால் பெரிஃபைட்டான், நம் பேச்சில் வழுக்குப் பாசி. புளித்த தவிட்டைக் கொடுத்து, நடுவில் கண்ணுக்குத் தெரியும் சின்னப் பூச்சிகளையும் சேர்த்து வளர்த்தால் அக்வாமிமிக்ரி.

ஏன் கலப்புக் கூட்டம், நல்ல பாக்டீரியா ஒன்றே ஒன்று போதாதா என்பார்கள். இட்லி மாவை யாரும் ஒற்றைக் கிருமி வாங்கிப் போட்டுப் புளிக்கவைப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்தவை முறை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. தொழிற்சாலையிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த மெத்தைலோகாக்கஸ் கேப்சுலேட்டஸ் என்ற பாக்டீரியாவை நார்வேயில் இயற்கை எரிவாயுவில் வளர்த்து மீன் தீவனம் செய்தார்கள். அது தன் கழிவில் தானே முடங்கிப்போவதால், அந்தக் கழிவைத் தின்ன வேறு சில பாக்டீரியாக்களையும் கூடவே வளர்க்க வேண்டியிருந்தது.

## எதை வைத்து அளப்பது

எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் "தீவனச் செலவு எவ்வளவு குறையும்" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. நான் அதை முதலில் வைக்க மாட்டேன். என் பட்டியலில் முதலில் வருவது கரண்ட். ஒரு கிலோ மீனுக்கு எத்தனை யூனிட் போகிறது? அது நின்றுபோனால் உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, இடமும் தண்ணீரும். மூன்றாவது, நீங்கள் வளர்க்கப்போகும் மீனுக்கு அந்தத் தீனியைத் தின்ன வாய் இருக்கிறதா என்பது. வாய் என்று சும்மா சொல்லவில்லை. ஜிலேபி மீன் (திலாப்பியா) தண்ணீரை வடிகட்டியும் தின்னும், சுரண்டியும் தின்னும். விரால் இரண்டையும் செய்யாது. நான்காவது, கைவேலை. தினமும் நீங்கள் நிற்க வேண்டுமா, ஆள் வைத்துச் செய்யலாமா? கடைசியாக, விளம்பரத்தில் வராத செலவு.

## பயோஃப்ளாக் தொட்டி

1970-களில் தாஹிதியில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இறாலில் இதைத் தொடங்கினார்கள். இஸ்ரேலின் யோரம் அவ்னிமெலெக் 1999-இல் வெளியிட்ட கணக்குதான் இன்று எல்லோரும் பிடித்துக்கொண்டிருப்பது. தண்ணீரில் நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால் கார்பன் 10 முதல் 20 பங்கு இருக்க வேண்டும். சர்க்கரையோ மாவோ போட்டுக் கார்பனைக் கூட்டினால், பாக்டீரியா அம்மோனியாவை இழுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்ளும்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 30% புரதம் உள்ள தீவனம் ஒரு கிலோவில் 48 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி, 24 கிராம், அம்மோனியாவாகத் தண்ணீருக்கு வருகிறது என்று கொள்வோம். ஒரு கிராம் நைட்ரஜனைப் பிடிக்க 20 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது அவ்னிமெலெக்கின் விகிதம். ஆக, கிலோ தீவனத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ மாவுச்சத்து. மொலாசஸ் மலிவுதான், ஆனால் அதை வாங்கி வைத்திருக்க உரிமக் கட்டுப்பாடு உண்டு. அதனால் பலரும் வெல்லத்தைக் கரைக்கிறார்கள். பொங்கல் வைக்கிற பொருளைத் தொட்டியில் கொட்டினால் கட்டுப்படியாகாது. மரவள்ளி மாவு மலிவு, மெதுவாகக் கரைந்து மெதுவாக வேலை செய்யும். ஃப்ளாக் முதிர்ந்து பழுப்பாகிவிட்டால் அம்மோனியா ஏறும்போது மட்டும் போட்டால் போதும். தினமும் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லும் பயிற்சியாளரிடம் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

முதிர்ந்த தொட்டியைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அளவுக் கோடு போட்ட இம்ஹாஃப் கூம்பில் ஒரு லிட்டர் மொண்டு வைத்தால், அரை மணி நேரத்தில் ஆறிய சாம்பாரில் பருப்பு இறங்குவது போல ஃப்ளாக் அடியில் இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். ஜிலேபிக்கு 25 முதல் 50 மில்லி, இறாலுக்கு 10 முதல் 15 மில்லி நின்றால் சரி. அதற்கு மேல் போனால் தீனி கூடிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். செவுள் அடைக்கும், ஆக்சிஜனும் அதற்கே போகும். இறக்கிக் கசடாக வெளியேற்ற வேண்டும்.

இப்போது கரண்ட். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் சிறிய அலகு 7 தொட்டி. ஒவ்வொன்றும் 4 மீட்டர் விட்டம், 1.5 மீட்டர் உயரம், அலகு மதிப்பு 7.5 லட்சம். மானியம் பொதுப் பிரிவுக்கு 40%, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60%. தொட்டியில் 1.2 மீட்டர் தண்ணீர் நிறுத்தினால் ஒன்றுக்கு 15,000 லிட்டர், ஏழுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து ஐயாயிரம். தண்ணீருக்குள் காற்று ஊதும் 2 குதிரைத்திறன் புளோவர் இரவு பகலாக ஓடினால் மாதம் 1,070 யூனிட் சொச்சம். ஆறு மாதத்துக்கு 6,400-க்கு மேல். நல்லபடியாக 1,500 கிலோ எடுத்தீர்கள் என்றால் கிலோவுக்கு 4.3 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 34 ரூபாய்.

தீவனத்தில் என்ன மிச்சம்? கிலோ மீனுக்கு 1.5 கிலோ தீவனம் போன இடத்தில் 1.2 போகிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனம் கிலோ 45 ரூபாய் என்றால் மிச்சம் 13 ரூபாய் 50 காசு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள், படம் பெரிதாக மாறாது. பயோஃப்ளாக்கைத் தீவனம் மிச்சம் பண்ணும் முறை என்று விற்கிறார்கள். அது இடத்தையும் தண்ணீரையும் மிச்சம் பண்ணும் முறை. அந்த மிச்சத்துக்கு விலை கரண்ட் பில்லில் வருகிறது.

நின்றுபோனால் எவ்வளவு நேரம்? கனமீட்டருக்கு 20 கிலோ மீன் இருந்தால் அவை மணிக்கு 6 கிராம் அளவுக்கு ஆக்சிஜன் இழுக்கும். ஃப்ளாக் தன் பங்குக்கு இன்னும் சில கிராம். கரைந்திருப்பது மொத்தமே 5, 6 கிராம். அரை மணி நேரம், அவ்வளவுதான். எனக்கு ஒரு தொட்டி அப்படித்தான் போயிற்று. விடியற்காலை மூன்றரைக்கு புளோவர் ட்ரிப் ஆகியிருக்கிறது. வீட்டில் இன்வர்ட்டர் இருந்ததால் மின்விசிறி நிற்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெனரேட்டரில் ஊற்றி வைத்த டீசலை முந்தின நாள் இறவைக்கு எடுத்திருந்தேன். ஐந்து மணிக்குப் போனால் தொட்டி முழுக்க வாயைப் பிளந்து மிதக்கிறது. அன்றைக்குப் பிறகு புளோவர் நின்றால் அலறும் மணி ஒன்றைக் கட்டிலுக்குத் தலைமாட்டில் மாட்டினேன். முன்னூறு ரூபாய்ச் சாமான்.

மறைந்திருக்கும் மற்ற செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் சுண்ணாம்போ சோடா உப்போ போட்டு வர வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் நைட்ரைட் ஏறும். நன்னீர்த் தொட்டியில் கல்லுப்பு போட்டு வைப்பது அதற்குத்தான், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாது. சில சமயம் மீனில் மண்வாடை அடிக்கும். ஜியோஸ்மின் என்ற அந்தச் சேர்மத்தைக் கூட்டத்தில் உள்ள சில நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. விற்பதற்கு முன் சில நாள் நல்ல தண்ணீரில் விட்டு வாடை போக்க வேண்டும். தார்ப்பாயை எலி கடிக்கும். "தாய்க் கலவை" என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் டப்பாவும் உண்டு. நானும் ஒன்று வாங்கினேன். அதைப் போட்ட தொட்டியிலும், நல்ல குளத்துத் தண்ணீர் இரண்டு குடம் ஊற்றிய தொட்டியிலும் ஃப்ளாக் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கட்டியது.

மீன் என்றால் கிஃப்ட் ஜிலேபி (வளர்ப்புக்கென்று மேம்படுத்திய ரகம்), உப்புத் தண்ணீரில் வெனாமி இறால். ஜிலேபிக்கும் வெனாமிக்கும் அனுமதி வாங்க வேண்டும், குஞ்சு அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தில் எடுக்க வேண்டும். பங்காசியஸ் மேலே வந்து காற்றைக் குடிக்கும் என்பதால் கரண்ட் போனாலும் கொஞ்சம் தாங்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, "நாட்டுக் கெளுத்தி" என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள்.

## கழி நட்ட குளம்

இது பழைய வித்தை. மேற்கு ஆப்பிரிக்கக் காயல்களில் கிளைகளை நட்டு மீன் சேர்ப்பதை அக்காஜா என்பார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கிளைகளைக் குவித்துப் பிடிப்பதும், கேரளக் காயலில் படல் போடுவதும் அதே யோசனைதான். நட்ட கிளையில் பாக்டீரியாவும் பாசியும் ஒருசெல் உயிரிகளும் படலமாக ஒட்டும், மீன் வந்து சுரண்டும். வங்கதேசத்து மைமன்சிங்கில் மூங்கிலையும், மங்களூர் மீன்வளக் கல்லூரியில் கரும்புச் சக்கை போன்றவற்றையும் வைத்து முறையாகப் பார்த்திருக்கிறார்கள். ரோகு இதில் நன்றாக வரும். கட்லா வராது, அது மேல்மட்டத்தில் வடிகட்டித் தின்னும் சாதி. உவர்நீர் என்றால் மடவை, பால்மீன், கரிமீன்.

கரண்ட்? கிட்டத்தட்ட இல்லை. படலத்தில் பாசியும் இருப்பதால் பகலில் அதுவே ஆக்சிஜன் விடும். வெயில்தான் இதற்குப் புளோவர். அதனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், ஆற்று வண்டல் கலங்கிய குளத்தில் கழி வெறுமனே நிற்கும். மரநிழலும் ஆகாது.

மறைவுச் செலவு கழிதான். 5 செ.மீ. தடிமன் மூங்கில் 1.25 மீட்டர் தண்ணீருக்குள் நின்றால் அதன் பரப்பு 0.2 சதுர மீட்டர். குளத்துப் பரப்புக்குச் சமமாக ஒட்டுப் பரப்பு வேண்டும் என்றால் சதுர மீட்டருக்கு 5 கழி. பத்து சென்ட் குளத்துக்கே 2,000 கழி! வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள். நான் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் நட்டேன். மிச்சத்துக்குப் பழைய நைலான் வலையைப் பட்டை பட்டையாக வெட்டிக் கயிற்றில் தொங்கவிட்டேன். பாசி வலையிலும் பிடிக்கிறது, அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. சீமைக் கருவேல விளாறு சும்மா கிடைக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். அறுவடையில் வலையும் கிழியும், கையும் கிழியும்.

அறுவடைதான் இதில் தொல்லை. இழுவலை போட வேண்டுமானால் முதலில் கழியைப் பிடுங்க வேண்டும். ஆள் கூலி ஒரு நாள் கூடுதல். வாராவாரம் நாலு கிலோ பிடித்து விற்கிறவருக்கு இது சரிப்படாது, ஒரே தடவையில் அள்ளுகிறவருக்குச் சரி. விளைச்சலும் தொட்டி அளவுக்கு ஒருநாளும் வராது. ஆனால் இரவில் தூக்கம் வரும்.

## புளித்த தவிட்டுக் குளம்

தாய்லாந்து இறால் பண்ணைகளில் இருந்து வந்த முறை. அங்கே நோய் அடித்து ஓய்ந்தபோது, குளத்தை ஒரு சின்ன முகத்துவாரம் மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். நாம் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டியில் தவிடு ஊறப்போட்டுக் கொடுத்தவர்கள்தானே, செய்முறை நமக்கு அந்நியமில்லை. உமி இல்லாத நைசான தவிட்டை ஐந்து முதல் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் பொடி சேர்த்து, 24 மணி நேரம் காற்று விட்டுப் புளிக்கவைக்கிறோம். மறுநாள் மூடியைத் திறந்தால் இட்லி மாவு வாடை வர வேண்டும். அழுகல் வாடை வந்தால் கீழே கொட்டுங்கள், மனசு கேட்காமல் குளத்தில் ஊற்ற வேண்டாம்.

அதைத் தின்று கோப்பிபாட் என்ற, இறாலுக்குத் தூரத்து உறவான சின்னப் பூச்சிகள் பெருகும். கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்தால் துள்ளும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இறால் குஞ்சுக்கு முதல் மாதத்தில் இதைவிட நல்ல சாப்பாடு எந்தப் பையிலும் வராது.

அளவு: குஞ்சு விடும் முன் கூட்டத்தை உண்டாக்க 50 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 50 பங்கு தவிடு. ஒரு ஏக்கர் குளத்தில் 1.2 மீட்டர் தண்ணீர் என்றால் 4,850 கனமீட்டர், அதற்கு 240 கிலோ தவிடு. குஞ்சு விட்ட பிறகு நாளுக்கு 1 பிபிஎம், அதாவது 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அடர்த்தி கூடினால் தவிடும் கூடும், கம்பெனித் தீவனமும் வேண்டியிருக்கும். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் வேண்டும், ஆனால் ஃப்ளாக் தொட்டி மாதிரி அரை மணி நேரத்தில் உயிர் போகாது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் மூன்று இடத்தில். தவிடு மில்லை விட்டு வந்ததும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், மொத்தமாக வாங்கி மூட்டை அடுக்க முடியாது. பக்கத்தில் மில் இல்லாதவருக்கு இந்த முறை பாதி லாபம்தான். அடுத்தது, அடிமண்ணில் படலம் கட்டி அழுகாமல் இருக்கத் தொடக்க நாட்களில் சங்கிலியை இழுத்து அடியைக் கலைக்க வேண்டும், இரண்டு ஆள் வேலை. மூன்றாவதுதான் பெரியது. கோப்பிபாட் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸைச் சுமக்கக்கூடியது. பக்கத்துக் குளத்தில் நோய் இருக்கும்போது அங்கிருந்து "நல்ல தண்ணி" என்று மொண்டு வந்து ஊற்றினால் தீனியோடு சாவையும் ஊற்றிவிட்டீர்கள்.

நன்னீர்க் கெண்டைக்கு இது தேவையா? தேவையில்லை என்பேன். சாணமும் சுண்ணாம்பும் போட்டு நம் ஆட்கள் செய்துவந்தது ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | பயோஃப்ளாக் தொட்டி | கழி நட்ட குளம் | புளித்த தவிட்டுக் குளம் |
|---|---|---|---|
| கரண்ட் | இரவு பகலாக | கிட்டத்தட்ட இல்லை | ஏரேட்டர் அளவு |
| கரண்ட் போனால் | அரை மணி நேரம் | கவலை இல்லை | சில மணி நேரம், அடர்த்தியைப் பொறுத்து |
| இடம் | சில சென்ட் | குளம் வேண்டும் | பெரிய குளம் |
| ஏற்ற மீன் | ஜிலேபி, வெனாமி | ரோகு, மடவை, பால்மீன், கரிமீன் | வெனாமி, மற்ற இறால் |
| தினசரி வேலை | சோதனை, அளவு, கவனம் | மிகக் குறைவு | புளிக்கவைத்தல், ஊற்றுதல் |
| ஒளிந்த செலவு | கார்பன், காரத்தன்மை, கசடு, ஜெனரேட்டர் | கழி, அறுவடைக் கூலி | புதுத் தவிடு, சங்கிலி, நோய் |

## யாருக்கு எது

சிங்கப்பூர்த் தம்பிக்கு: பத்து சென்ட்தான், குளம் வெட்ட இடமில்லை என்றால் தொட்டியைத் தவிர வழியில்லை. ஆனால் ஏழு தொட்டி வேண்டாம், இரண்டோடு தொடங்குங்கள். மானியம் கட்டி முடித்த பிறகு வருவது. அதை வரவில் எழுதாமல் கணக்குப் போட்டு, அப்படியும் தாங்கினால் மட்டும் இறங்குங்கள். விவசாய இணைப்பில் ஓட்டலாமா, வேறு கட்டணப் பிரிவா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஜெனரேட்டரும் அந்த முன்னூறு ரூபாய் மணியும் முதல் செலவு, தொட்டி இரண்டாவது. உயிரோடு விற்க ஊர்ச்சந்தை பக்கத்தில் இருந்தால் நல்லது. ஐஸ் பெட்டியில் ஏறிவிட்டால் ஜிலேபி விலையை வியாபாரிதான் சொல்வார்.

அரை ஏக்கர் நன்னீர்க் குளத்தில் கெண்டை வளர்த்துக்கொண்டு வேறு வேலைக்கும் போகிறவருக்குக் கழி. ரோகுவைக் கொஞ்சம் கூட்டி, கட்லாவைக் குறைத்து விடுங்கள். குளத்தில் எப்போதும் கலங்கல் என்றால் கழிக்குக் காசு போடாதீர்கள்.

வேதாரண்யம், சீர்காழிப் பக்கம் இறால் குளம் வைத்து, மில்லும் அருகில் இருப்பவருக்குத் தவிடு. அடர்த்தியைக் குறைக்க மனசு இருந்தால் மட்டும். பழைய எண்ணிக்கையில் குஞ்சு விட்டுவிட்டுத் தவிடு காப்பாற்றும் என்று இருந்தால் காப்பாற்றாது.

விரால், கொடுவா வளர்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவை பிடித்துத் தின்னும் மீன்கள், மூன்றில் எதுவும் நேரடியாக உதவாது.

என் இடத்தில் இப்போது ஒரே ஒரு தொட்டி இருக்கிறது, ஜிலேபிக் குஞ்சு வளர்க்க மட்டும். விரல் அளவு வந்ததும் கழிக் குளத்துக்கு மாற்றிவிடுகிறேன். குஞ்சுப் பருவத்தில் எடை குறைவு, புளோவர் சின்னது, கரண்ட் போனாலும் அரை மணிக்குப் பதில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. மற்ற ஆறு தொட்டியின் இரும்புச் சட்டத்தில் பந்தல் போட்டுப் பீர்க்கங்காய் ஏற்றியிருக்கிறேன், கசடுத் தண்ணீர் அதற்குத்தான் போகிறது.